சுற்றிப் பார்க்கத்தான் வந்தோம்

சிகாமட்டில் காய்ச்சல் என்று ஒருமுறையாவது படுத்த எவருக்கும் ஷாமளாவைத் தெரியும். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். படிப்பு முடிந்த கையோடு அந்தக் கவுண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவள், இப்போது நாற்பதை எட்டப் போகிறாள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக் கொதிப்பு என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒருவரிடமும் மூச்சுவிட மாட்டாள். ஆனால் ஊர் அவளைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை.

எனக்கு அவளைத் தெரிந்தது வேறு வழியில். நான் குணாளன். வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். ஷாமளாவையும் அவள் அம்மா ராஜம்மாக்காவையும் நாட்டின் வடகோடியில் இருக்கும் பினாங்குக்கு ஏற்றிப் போய்த் திரும்ப வீட்டில் கொண்டுவந்து விடுவது பல வருடமாக என் தலையில் விழுந்த வேலை. அவ்வளவு பெரிய வேனில் இரண்டே பேர். பின்னால் காலி இருக்கைகள் கடகடவென்று ஆடிக்கொண்டு வரும். பஸ்ஸில் போனால் என்ன என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"பஸ்ல நம்ம ஊர்க்காரங்க இருப்பாங்க தம்பி" என்றார் ராஜம்மாக்கா.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. தானாகவே புரிந்துவிட்டது. அவர்கள் பினாங்கைப் பார்க்கப் போகவில்லை. பெண்ணைக் காட்டப் போனார்கள்.

எல்லாம் ஷாமளாவின் முதல் வரனில் ஆரம்பித்தது. அப்போது அவள் அப்பா உயிரோடு இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு காரில் வந்து வாசலில் இறங்கினார்கள். கேசரியும் வடையும் சாப்பிட்டார்கள், வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், போனார்கள். அப்புறம் பதிலே இல்லை. லோரோங் என்கிற அந்தச் சந்தில் இருந்த அத்தனை வீடும் அந்தக் கார்களைப் பார்த்திருந்தது. "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டுக் கேட்டு ராஜம்மாக்காவின் உயிரை எடுத்துவிட்டார்கள். கிளினிக்கில் மருந்து வாங்க வந்தவர்கள்கூட ஷாமளாவிடம் அதைத்தான் கேட்டார்கள். அன்றைக்கு ராஜம்மாக்கா ஒரு முடிவு எடுத்தார். இனிமேல் ஒருத்தனும் பெண் பார்க்க இந்த வாசல்படி ஏறக்கூடாது. எது நடந்தாலும் வெளியூரில், காதும் காதும் வைத்த மாதிரி நடக்க வேண்டும். நடந்தால் ஊருக்குச் சொல்லலாம். நடக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

அதற்குப் பினாங்கு தோதாக இருந்தது. ஈப்போ, தைப்பிங், சுங்கைப்பட்டாணி என்று எந்த ஊர் வரனுக்கும் எட்டும் தூரம். எங்கே போறீங்க என்று யாராவது கேட்டால் சொல்லவும் நாக்கு கூசாது. தண்ணீர்மலை முருகன் இருக்கிறார், கடல் இருக்கிறது. "சும்மா சுத்திப் பார்க்கப் போறோம்" என்றால் முடிந்தது.

அந்த நாடகத்தை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. கோட்டை மதில் ஓரமாக இவர்கள் நடப்பார்கள். எதிரே ஒரு குடும்பம் வரும். "அடடே, நீங்களும் வந்திருக்கீங்களா?" என்று ராஜம்மாக்கா கையைக் கன்னத்தில் வைத்து ஆச்சரியப்படுவார். அவர்களும் பதிலுக்கு ஆச்சரியப்படுவார்கள். எல்லாம் முன்னாடியே போனில் பேசி வைத்தது. பிறகு ஷாமளாவை ஐஸ் கச்சாங் வாங்கி வரச் சொல்வார்கள். அவள் எப்படி நடக்கிறாள் என்று பார்க்க வேண்டுமாம். வெயிலில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தட்டில் ஐஸ் உருகி வழிய, அவள் கல் பாவிய தெருவில் நடந்து வருவதைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வேன்காரன். வாயை மூடிக்கொண்டு சிகரெட் பிடிப்பேன்.

கொடிமலையில் ஒருத்தன், பாம்புக் கோயிலில் ஒருத்தன், சுவரெல்லாம் படம் வரைந்திருக்கும் தெருவில் ஒருத்தன். போன இடமெல்லாம் ராஜம்மாக்கா மகளை நிறுத்திப் படம் எடுப்பார். ஊருக்குக் காட்ட ஆதாரம் வேண்டுமே. வேண்டாம் என்ற பதில் மட்டும் பினாங்கில் கிடைக்காது. திரும்பி வரும் வழியில், நெடுஞ்சாலையில் தாப்பா ஓய்விடத்தில் நான் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது போன் வரும். ராஜம்மாக்கா போனைக் கையில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வந்தால் நான் வேனை எடுத்துவிடுவேன். அதற்கப்புறம் சிகாமட் வரைக்கும் ஒரு பேச்சு இருக்காது.

இதில் ஒன்று மட்டும் எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. அத்தனை தடவை கடற்கரைக்குப் போயும் ஷாமளா ஒருநாள்கூடத் தண்ணீரில் கால் வைத்ததில்லை. "கால நனைக்காதே, சேலை ஓரத்துல உப்பு பூத்துடும்" என்பார் ராஜம்மாக்கா. "வெயில்ல நிக்காதே, கறுத்துடுவே." சரி, பார்த்து முடித்த பிறகாவது இறங்கலாமே என்றால், அப்போது பதில் என்னவாக இருக்குமோ என்ற கவலையில் யாருக்கும் மனசு இருக்காது. ஒருமுறை நான் கேட்டே விட்டேன்.

"அடுத்த தடவை பார்க்கலாம்ணே" என்று சிரித்தாள்.

போன வெள்ளத்தில் ஆற்றுத்தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள் இடுப்பளவு வந்தது. அந்தப் பினாங்கு ஆல்பமும் மூழ்கிவிட்டது. படங்களைக் கயிற்றில் மாட்டிக் காயவைத்திருந்தாள். எல்லாப் படத்திலும் அவளுக்குப் பின்னால் ஓர் இடம், முகத்தில் ஒரே சிரிப்பு. இந்த வருசம் இது, அந்த வருசம் அது என்று என்னாலேயே சொல்ல முடிந்தது. அவள் ஒன்றையும் எறியவில்லை.

ரூபேந்திரனின் வரன் வந்தது அதற்குப் பிறகுதான். பினாங்குக்காரர், பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலையில் டெக்னீஷியன். மனைவி இறந்து சில வருடம் ஆகிறது. தொடக்கப்பள்ளியில் படிக்கும் ஒரு பெண் குழந்தை. தரகர் கொடுத்த நம்பரில் முதலில் பெரியவர்கள் பேசினார்கள், பிறகு இவர்கள் இருவரும் பேசினார்கள். சில மாதம் பேசினார்கள். ஒருநாள் நான் மருந்து வாங்கக் கிளினிக்குக்குப் போனபோது ஷாமளா பின்கட்டில் போனில் பேசிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. ஆல்பத்துச் சிரிப்பு வேறு.

"என்னா ஷாமளா, ஒரே கொண்டாட்டமா இருக்கு?" என்று வம்புக்கு இழுத்தேன்.

"அவருகிட்ட பேசறப்ப வயசு ஞாபகத்துக்கே வரலண்ணே" என்றாள். "பினாங்குல என்ன பிடிக்கும்னு கேட்டாரு. நான் கடல்ல இறங்கினதே இல்லன்னு சொன்னேன். நம்பவே இல்ல. பெரியவங்க பேசி முடிச்சதும் முதல் வேலையா நீங்க கால நனைச்சிடணும், மத்ததெல்லாம் அப்புறம்னு சொல்லிட்டாரு லா."

அதனால்தான் பெண் பார்க்கும் இடம் பத்து பெரிங்கி கடற்கரை என்று முடிவானது. அவர் தேர்ந்தெடுத்த இடம். ஷாமளா அந்த முறை பட்டு வேண்டாம் என்று அடம்பிடித்து, நனைந்தாலும் சீக்கிரம் காயக்கூடிய லேசான நீலச்சேலை கட்டிக்கொண்டாள். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. இந்த வேன் இனி இவளுக்காகப் பினாங்கு போனால் அது சீர் வைக்கத்தான் என்று நினைத்தேன்.

சவுக்கு மர நிழலில் பாயை விரித்து அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரூபேந்திரன், அவருடைய அம்மா, குழந்தை. அந்த அம்மா ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளந்தியான மனுசி. "அடடே, நீங்களும் வந்திருக்கீங்களா?" என்று ராஜம்மாக்கா வழக்கம்போல் ஆரம்பித்ததும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உங்களைப் பார்க்கத்தானே வந்தோம்? உட்காருங்க" என்றார்.

ஷாமளா உட்கார்ந்தாள். குழந்தை வந்து அவள் வளையலைத் தொட்டுப் பார்த்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் ஷாமளாவையே பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பையைத் திறந்தார். குளிர்ந்த தண்ணீர் கொடுக்கப் போன நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். வாழை இலையில் சுற்றிய மல்லிகைச் சரம், குங்குமம், பழம். பார்த்துவிட்டுப் போய்ப் பதில் சொல்கிற ஆள் இல்லை அவர். அங்கேயே பூ வைத்துவிட வந்திருந்தார். ரூபேந்திரன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கால்சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். ஷாமளா கடலைப் பார்த்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"அலமாக்! ராஜம்மாக்கா!"

பிரேமலா. ராஜம்மாக்காவின் பக்கத்து வீடு. மற்றவர் வீட்டு விசயம் என்றால் மூக்கை நுழைக்காமல் தூக்கம் வராது. பின்னாலேயே ஒரே மாதிரி மஞ்சள் டீ-சட்டை போட்ட பெண்கள் கூட்டம். சிகாமட் கோயில் மகளிர் குழு பஸ் பிடித்துப் பினாங்கு வந்திருந்தது. அத்தனை பேரும் தெரிந்த முகம்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம?" பிரேமலாவின் கண் பாயையும் பையையும் ரூபேந்திரனையும் ஷாமளாவின் சேலையையும் ஒரு சுற்றுச் சுற்றியது. "என்னா, பொண்ணு பார்க்கறாங்களா?"

"சேச்சே!" என்றார் ராஜம்மாக்கா. யோசிக்கவே இல்லை. இத்தனை வருடப் பழக்கம், வாய் தானாகப் பேசியது. "சும்மா சுத்திப் பார்க்கத்தான் வந்தோம். இவங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது. இடம் இல்லன்னு பாய்ல கொஞ்சம் உட்கார்ந்தோம், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அந்த அம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். இதுவரை வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் நாடகம் தெரிந்தவர்கள். சிரித்துச் சமாளித்திருப்பார்கள். இந்த அம்மாவுக்கு அந்தச் சிமிட்டல் போய்ச் சேரவே இல்லை. பைக்குள் இருந்த கை அப்படியே நின்றது.

"அப்படியா" என்றார். பையை மூடினார்.

ரூபேந்திரன் ஷாமளாவைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார் என்று ஐந்தடி தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது. "தெரியும்" என்று சொன்னால் போதும். சொல்லு, சொல்லித்தொலை என்று மனதுக்குள் கத்தினேன். அவள் உதடு பிரிந்தது. அம்மாவைப் பார்த்தாள், மஞ்சள் சட்டைகளைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். மறுநாள் கிளினிக்கில் அத்தனை பேருக்கும் அவள்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

"வேன் காத்துக்கிட்டு இருக்கு, கிளம்பறோம் பிரேமலா" என்று ராஜம்மாக்கா மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். வேனில் ஏறியதும் என்னிடம், "ஒரு சுத்து சுத்திட்டு வா தம்பி. அதுங்க பஸ்ஸு போனதும் வந்து பேசிக்கலாம்" என்றார். தன் சாமர்த்தியத்தில் அவருக்கு அப்போதும் ஒரு சந்தேகமும் இல்லை.

கடற்கரைச் சாலையில் மேலும் கீழுமாக ஓட்டினேன். ஒவ்வொரு முறை அந்த மரத்தைக் கடக்கும்போதும் ஷாமளா கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். முதல் சுற்றில் பிரேமலா நின்று பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த சுற்றில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த முறை அந்த அம்மாவின் தோளைத் தொட்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு பஸ் கிளம்பியது. நாங்கள் இறங்கிப் போனபோது பாய் விரித்திருந்த இடத்தில் மணல் அழுந்திக் கிடந்தது, அவ்வளவுதான்.

ஷாமளா போன் மேல் போன் போட்டாள். தாப்பாவில்தான் அவர் எடுத்தார். அவள் ஒதுங்கிப் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"என்னா சொன்னாரு?" என்று ராஜம்மாக்கா கேட்டார்.

"அவங்கம்மாவ யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டோம்னாரு. நீங்க சொன்னதுகூடப் பரவால்லயாம். நானும் பேசாம நின்னேன்லம்மா, அதான்." அவள் குரல் மருந்து சொல்கிற குரல் மாதிரி இருந்தது.

எனக்கு அவள்மேல்தான் அன்றைக்குக் கோபம் வந்தது. ராஜம்மாக்காவைத் திட்டி என்ன பயன்? ஊருக்குப் பயந்து பயந்தே வாழ்ந்த மனுசி. இவள் படித்தவள், சம்பாதிப்பவள், ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா? ஆனால் வேன் ஓட்ட ஓட்டக் கோபம் ஆறிவிட்டது. பேசாமல் இருக்கத்தானே அவளை இத்தனை வருடம் பழக்கினார்கள். நடக்கச் சொன்னால் நடந்தாள், சிரிக்கச் சொன்னால் சிரித்தாள். திடீரென்று பேசு என்றால் அவள் எங்கே போவாள்?

சில மாதம் கழித்துப் பிரேமலா கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். அவளுடைய அண்ணன் மகள் மலர், மூவாரில் நாற்காலி செய்யும் கம்பெனியில் வேலை செய்பவள், அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பினாங்கு. நான் அப்போது ராஜம்மாக்கா வீட்டு வாசலில் வேன் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"உங்களுக்குத்தான்க்கா மொத நன்றி சொல்லணும்" என்றாள் பிரேமலா. "அன்னைக்கு பீச்ல நீங்க உட்கார்ந்திருந்தீங்கல்ல, அவங்கதான். உங்களுக்கு வேண்டப்பட்டவங்கன்னு நினைச்சேன். யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டீங்களா, சரின்னு நானே போயி பேச்சு கொடுத்தேன். பாவம், அந்தம்மா முகமே சரியில்ல. மருமக தேடறாங்கன்னு தெரிஞ்சுது. உடனே நம்ம மலர் ஞாபகம் வந்துச்சு."

ராஜம்மாக்கா, "நல்லது, நல்லது" என்றார். ஷாமளா கோப்பி கொண்டு வந்து கொடுத்தாள். சீனி போதுமா என்று பிரேமலாவிடம் கேட்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பம்பை அப்படியே போட்டுவிட்டுச் சாலைக்குப் போய்விட்டேன்.

கல்யாணத்துக்குப் போக வேண்டாம் என்று நான் ராஜம்மாக்காவிடம் சொன்னேன். என் வேலை இல்லைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"போகலன்னா ஏன்னு கேப்பாங்க தம்பி" என்றார்.

மறுபடியும் பினாங்கு. இந்த முறை ஷாமளா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். பரிசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே மண்டபத்துக்குப் போனேன். வாசலில் தாம்பாளத்தோடு நின்று வந்தவர்களை வரவேற்றது அந்த அம்மாதான். எங்கிருந்தோ பிரேமலா ஓடி வந்தாள்.

"சம்பந்தியம்மா, இவங்கதான் என் பக்கத்து வீடு. இந்தப் பொண்ணுக்குப் பினாங்குல தெரியாத இடமே இல்ல. வருசா வருசம் வந்துடுவாங்க."

அந்த அம்மா ஷாமளாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். மறந்திருக்க மாட்டார், எனக்கு நிச்சயம்.

"உன்னை நான் பார்த்திருக்கேன்லம்மா?" என்றார் மெதுவாக. கேட்ட விதத்தில் கோபமே இல்லை. இப்போதாவது சொல்லேன் என்பது போல் இருந்தது.

ராஜம்மாக்கா தலையைக் குனிந்துகொண்டார். பிரேமலா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இருக்காதும்மா" என்றாள் ஷாமளா. "நாங்க சுத்திப் பார்க்கத்தான் வருவோம்."

அந்த அம்மா தாம்பாளத்தில் வருகிறவர்களுக்காக நறுக்கி வைத்திருந்த மல்லிகைத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எல்லாருக்கும் கொடுப்பதுதான். ஷாமளா அதை வாங்கித் தானே தலையில் வைத்துக்கொண்டாள். மணமேடையில் ரூபேந்திரன் ஐயர் சொன்னதைச் செய்துகொண்டிருந்தார். குழந்தை மலரின் பக்கத்தில் நின்று அவள் வளையலை எண்ணிக்கொண்டிருந்தது. நாங்கள் அட்சதை போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

வேனை எடுத்தவன் நேரே நெடுஞ்சாலைக்குப் போகவில்லை. யாரையும் கேட்காமல் பத்து பெரிங்கிக்கு விட்டேன். மரத்தடிக்குப் பக்கத்திலேயே நிறுத்திக் கதவையும் திறந்தேன். கடற்கரையில் வெள்ளைக்காரர்களும் சீனப் பிள்ளைகளும் தண்ணீரில் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில்.

ராஜம்மாக்கா வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மகள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"போ ஷாமு. போயி கால நனைச்சுட்டு வா. சேலை போனா போகுது."

அவர் அழுதுகொண்டிருந்தார்.

ஷாமளா அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. இது பட்டு, நனைஞ்சா காய நேரமாகும்" என்றாள். "நாளைக்கு கிளினிக் இருக்கு. அண்ணே, கதவ சாத்துங்க, வீட்டுக்குப் போலாம்."

நான் கதவைச் சாத்தினேன்.